கிட்டார் லேக்கருக்கு எந்த வாட்டர் பேப்பர் வாங்கலாம்?

நைட்ரோ லேக்கர் (நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு) அடித்த கிட்டாரைத் தேய்க்க வாட்டர் பேப்பர், அதாவது தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள், வாங்கப் போகிறீர்கள் என்றால், காசை பி1000, பி1200 தாளில் போடுங்கள், பி2000-க்கு மேலே உள்ள பெரிய பெரிய நம்பர்களில் வேண்டாம். நம்பர் ஏற ஏறத் தாள் நைசாகும். பெங்களூரில் இதற்கு ஜே.சி. ரோடுதான் சரியான இடம். கார் பெயின்ட் வேலைக்காரர்கள் வாங்கும் அதே கடைகளில் 3எம் வெட் ஆர் டிரை தாளை முழு ஷீட்டாகக் கேட்டு வாங்கலாம்.

நான் இதையே திரும்பத் திரும்ப வாங்கக் காரணம், தாளில் ஒட்டியிருக்கும் தேய்ப்பு மணிகள் ஒரே சீராக இருப்பதுதான். பி1000 தாளில் மணியின் சராசரி அளவு 18 மைக்ரான் சொச்சம், பி2000-இல் 10 மைக்ரான் சொச்சம். பக்கத்திலேயே பாதி விலைக்குக் கிடைத்த ஒரு தாளையும் வாங்கிப் பார்த்தேன், அதில் எங்கோ ஒரு பெரிய மணி ஒட்டியிருந்திருக்க வேண்டும், டியூப் லைட் வெளிச்சத்தில் கிட்டாரைச் சாய்த்துப் பார்த்தால் மேல்பலகையில் ஒரே ஒரு நீளக் கீறல், அதை எடுக்க மறுபடியும் பி800-க்கு இறங்க வேண்டியதாகிவிட்டது. லேக்கர் படலமே மெல்லியது, இப்படி இறங்கி இறங்கி ஏறினால் அடியில் மரம் தெரிந்துவிடும், அதுவும் ஓரங்களில் சீக்கிரம்.

தாளின் பின்பக்கம் ஐரோப்பியக் கணக்கைக் குறிக்கும் 'பி' என்ற எழுத்து இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். பழைய அமெரிக்கக் கணக்கில் 600 என்று போட்டிருந்தால் அது ஏறக்குறைய பி1200-க்குச் சமம். மைக்ரோமெஷ் என்ற மெத்தென்ற தேய்ப்புத் துணியின் கணக்கு இன்னும் வேறு, அதன் 1500 நம் பி1500-ஐ விட எவ்வளவோ கரடு. மைக்ரோமெஷ் 12000 வரை போகும், அருமையான சரக்கு, கழுவிக் கழுவிப் பயன்படுத்தலாம், ஆனால் மெத்தென்று இருப்பதால் மேடு பள்ளத்தைச் சமப்படுத்தாது, இரண்டையும் சேர்த்தே வழவழப்பாக்கிவிடும். பிரிட்ஜ் (மேல்பலகையில் கம்பிகளைத் தாங்கும் கட்டை) பக்கத்தில் சின்னதாக லேக்கர் நிரப்பிய இடத்தைப் பளபளப்பாக்க மட்டும் நான் அதை எடுப்பேன்.

சமப்படுத்துவதற்குத் தட்டையான ரப்பர் கட்டையில் பி1000 தாளைச் சுற்றி, தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் தேய்க்கும் சோப் விட்டுத் தேய்ப்பதுதான் வழி. தாளை முன்கூட்டியே ஊறப்போடுங்கள். கொஞ்ச நேரத்தில் பால் மாதிரி ஒரு கரைசல் வரும், அதை வழித்துவிட்டுப் பார்த்தால் தேய்ந்த இடமெல்லாம் மங்கலாகவும் பள்ளங்கள் மட்டும் மினுமினுவென்று தீவு தீவாகவும் தெரியும். அந்தத் தீவுகள் எல்லாம் போகும்வரை அடுத்த நம்பருக்குப் போகவே கூடாது, பெரும்பாலானவர்கள் அவசரப்படுவது இங்கேதான். ஸ்க்ரூ ஓட்டை, பிரிட்ஜ் பின் ஓட்டை பக்கமெல்லாம் தண்ணீரை விடாதீர்கள், மரம் உப்பி லேக்கர் வெடிக்கும். அந்த இடங்களில் நாப்தா (பெட்ரோல் போன்ற ஒரு கரைப்பான்) நனைத்துத் தேய்ப்பது பாதுகாப்பு, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, பக்கத்தில் நெருப்பில்லாமல்.

எந்தத் தாள் வாங்கினாலும், லேக்கர் அடித்துக் குறைந்தது இரண்டு மூன்று வாரமாவது காயவிடாமல் தொடாதீர்கள். உள்ளே இருக்கும் தின்னர் வெளியேற வெளியேற லேக்கர் சுருங்கிக்கொண்டே போகும், அவசரப்பட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கினால் அப்புறம் மரத்தின் ரேகை மேலே எழும்பி வந்து நிற்கும். மழை நாளில் அடித்து ஈரத்தால் வெளுத்துப்போன லேக்கரையும் எந்தப் பேப்பரும் காப்பாற்றாது.

பி2000-க்கு அப்புறம் நேராக பாலிஷிங் காம்பவுண்டுக்குப் போய்விடலாம். அதே கடையிலேயே கிடைக்கும், ஆனால் சிலிகான் இல்லாததா என்று கேட்டு வாங்குங்கள். சிலிகான் படிந்த கிட்டார் நாளைக்கு ரிப்பேருக்கு வந்து மேலே லேக்கர் அடித்தால், அது ஒட்டாமல் வட்ட வட்டமாகக் குழி விழுந்து விலகிக்கொள்ளும்.