இரண்டரை அடியிலிருந்து நான்கடிக்கு: பவளத் தொட்டி மாற்றி மூன்று வருடம்

'தொட்டி பெரிதானால் பராமரிப்பு சுலபம்' என்று கடல்நீர் மீன் வளர்க்கிற எல்லோரும் சொல்வார்கள். நான்கடித் தொட்டியை மூன்று வருடமாக ஓட்டுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், அதில் பாதிதான் உண்மை.

பழையது 75 × 45 × 45 செ.மீ., சுமார் 150 லிட்டர். புதியது 120 × 60 × 60, கொள்ளளவு 430 லிட்டர். சிங்கப்பூரில் வீவக (அரசு அடுக்குமாடி) வீடு என்பதால் முதல் கவலை எடைதான். தண்ணீர், கல், கண்ணாடி, கீழே சம்ப் எனும் வடிகட்டித் தொட்டி எல்லாம் சேர்ந்தால் அரை டன்னைத் தாண்டிவிடும். ஹாலின் நடுவில் வைக்கும் ஆசையை விட்டு, பீம் ஓடும் சுவரோரம் வைத்தாயிற்று.

மாற்றும் நாளில் பலரும் பழைய தண்ணீரை வாளி வாளியாகச் சேமிப்பார்கள், பாக்டீரியா போய்விடுமாம். அமோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியா பெரும்பாலும் கல்லிலும் மணலிலும் ஒட்டித்தான் வாழ்கிறது. தண்ணீரில் மிதப்பது கொஞ்சம். உண்மையான ஆபத்து பழைய மணல். கிளறினால் தேங்கிய கழிவு மொத்தமும் மேலே வரும், அடியில் அழுகிய முட்டை வாடை வேறு. அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது அரகோனைட் (சுண்ணாம்பு வகை) மணல் போட்டேன். குட்டிப் புழுக்களுக்காக மேல்மணல் ஒரு கிண்ணம் மட்டும் அலசிச் சேர்த்தேன்.

புது உப்புத் தண்ணீரை முந்தின நாளே ஆர்ஓ நீரில் கலந்து, அடர்த்தி 1.025, வெப்பம் 26 டிகிரி என்று நிறுத்திச் சுழலவிட்டேன். இங்கே குழாய்த் தண்ணீரில் இருப்பது குளோராமைன் என்ற கிருமிநாசினி, மீனுக்கு ஆகாது. வாளியில் பிடித்து ஒரு நாள் வைத்தால் போய்விடாது, நல்ல கார்பன் ஃபில்டர் அவசியம். பழைய தொட்டியிலிருந்து எடுத்தது முதலில் பவளம், அப்புறம் கல், கடைசியில் மீன். கல்லை எல்லாம் எடுத்த பிறகுதான் க்ளவுன் மீன் ஜோடி வலைக்குள் வரும், அதற்கு முன் துரத்துவது வீண். ஜோவாந்தஸ் என்ற பவள வகை ஒட்டிய கல்லைத் தொடும்போது கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். சில வகைகளில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. அந்தக் கல்லில் வெந்நீர் ஊற்றிச் சுத்தம் செய்வது கூடவே கூடாது, ஆவியைச் சுவாசித்தாலே ஆஸ்பத்திரிதான்.

முதலில் பழுப்புப் பாசி படர்ந்தது, தானாகவே போனது. அடுத்து வந்த டைனோ (டைனோஃபிளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர்) அப்படியில்லை. மணல் மேல் சளி இழைகள், ஒவ்வொரு இழையின் நுனியிலும் ஒரு காற்றுக் குமிழி. புது மணல், நிறையத் தண்ணீர், அதே நாலு மீன். கழிவிலிருந்து வரும் சத்துக்களான நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்ஜியம். கழிவை நுரையாக்கி அகற்றும் ஸ்கிம்மரைக் குறைத்து, தீனியைக் கூட்டி, இரண்டும் லேசாக ஏறிய பிறகே அடங்கியது. சுத்தம் அதிகமானாலும் தொல்லைதான் போலிருக்கிறது!

'சுலபம்' விஷயத்துக்கு வருகிறேன். ஆவியாவது மேற்பரப்பைப் பொறுத்தது. தண்ணீர் மூன்று மடங்கு கூடினாலும் பரப்பும் இரண்டு மடங்குக்கு மேல் கூடிவிட்டது. அதனால் உப்பு ஏறும் வேகம் கால்வாசிதான் குறைந்திருக்கும். உப்புத்தன்மை ஆடாமல் நிற்பதற்குக் காரணம் தானாக நீர் நிரப்பும் கருவி. அதைப் பழைய தொட்டியிலும் மாட்டியிருக்கலாம். செலவோ நேராக ஏறியது. பத்து சதவீத நீர் மாற்றம் என்றால் முன்பு 15 லிட்டர், இப்போது 43. ஒவ்வொரு முறையும் ஒன்றரைக் கிலோ உப்பு. தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் தின்னும் கரண்ட் தனி.

அசல் லாபம் அவகாசம். சில்லர் ஒருமுறை மதியம் நின்றுபோனது. வேலை முடிந்து வந்து பார்த்தபோது சூடு ஏறியிருந்தது, ஆனால் எதுவும் சாகவில்லை. அப்புறம் இடம். டார்ச் பவளத்தின் கொட்டும் கரங்கள் இரவில் நீளும். இப்போது பக்கத்துப் பவளத்தைத் தொடாதபடி ஒரு சாண் விட முடிகிறது.

மஞ்சள் டாங் விடலாமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நான்கடி போதும் என்று கடையில் சொல்வார்கள். நாள் முழுக்க நீந்தித் திரிகிற மீன் அது, எனக்கு மனம் ஒப்பவில்லை. வாங்கவில்லை.