யாழ்ப்பாணத் தீவகத்தில் நடந்து சுற்றப் போறவர்களுக்கு: தங்க வீடு நெடுந்தீவிலா, வேலணையிலா?

நடக்க நெடுந்தீவுதான். சாந்தில்லாமல் அடுக்கிய முருகைக்கல் மதில்கள், மட்டக்குதிரைகள், பெருக்கமரம், ஒல்லாந்தர் கோட்டை இடிபாடு. வாகனத் தொல்லையும் குறைவு. நிழலும் குறைவு, பத்து மணிக்குமுன் திரும்புங்கள்.

சிக்கல் குசினியில்தான். பல கிணறுகளில் தண்ணீர் சவர். அதில் பருப்பு எவ்வளவு அவித்தாலும் கல்லாகவே கிடக்கும், தேத்தண்ணி கரிக்கும். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லீற்றர் நல்ல தண்ணீருக்கு வழி உண்டா என்று வீட்டுக்காரரிடம் முதலே கேளுங்கள். சிலிண்டரை ஆட்டிப் பார்க்கவும் சொல்லுங்கள். பாதிச் சோற்றில் அடுப்பு அணைந்தால் சுள்ளி பொறுக்கத்தான் வேண்டும். குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகு ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். கடல் கொந்தளித்தால் ஓடாது. ஆகவே ஒரு நாளுக்கு மேலதிகமாக அரிசி, கருவாடு, தேங்காய் இருக்கட்டும்.

வேலணைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலத்தால் பஸ்ஸிலேயே போகலாம். மரக்கறி முடிந்தால் யாழ்ப்பாணச் சந்தை பக்கத்தில்தான். சாட்டிப் பக்கம் நல்ல தண்ணீர். பனங்கூடல் ஒழுங்கைகள் அழகு, ஆனால் பிரதான வீதியில் பஸ்ஸுக்கு ஒதுங்கி ஒதுங்கி நடக்கவேணும்.

பிள்ளைகளோடு என்றால் வேலணை. இரண்டு பேர், மாசி பங்குனியில் என்றால் நெடுந்தீவில் இரண்டு இரவு. ஐப்பசி, கார்த்திகை மழைக்குள் நெடுந்தீவுப் பக்கம் வேண்டாம்.