பிரிக்பீல்ட்ஸ் பயண அலுவலகம்: வடகோடிப் பயணத்துக்குப் போட்ட திட்டம்

கனடாவின் டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலையில் சொந்தமாக வண்டி ஓட்டிப் போக வேண்டும் என்பது எங்கள் வீட்டுக்காரரின் நெடுநாள் ஆசை. ஜூலையில் கிளம்புகிறோம். திட்டம் போட கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் மாடியில் இருக்கும் சின்ன பயண அலுவலகத்துக்குப் போனோம்.

அங்கிருந்த தம்பி விலைப்பட்டியலை நீட்டவில்லை. வரைபடத்தை விரித்து, சிவப்புப் பென்சிலால் எண்ணெய் நிலையங்களை மட்டும் வட்டமிட்டார். "அக்கா, டாசன் சிட்டிய விட்டா ஈகிள் பிளெய்ன்ஸ் வரைக்கும் 400 கிலோமீட்டர். நடுவுல எண்ணெய் கிடைக்கும்னு நம்பாதீங்க" என்றார். கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்கே அவ்வளவு தூரமில்லை. அதற்குள் நாம் எத்தனை இடத்தில் நிறுத்தி தே தாரிக் குடிக்கிறோம்!

நெடுஞ்சாலை முடியும் இனுவிக் ஊர் வரை அதன் மொத்த நீளம் சுமார் 740 கிலோமீட்டர், பெரும்பாலும் சரளைக்கல் சாலை. பீல், மெக்கன்சி ஆறுகளுக்குப் பாலம் கிடையாது. கோடையில் படகில்தான் வண்டியை ஏற்றிக் கடக்க வேண்டும். பனி உறையும்போதும் உருகும்போதும் சில வாரங்கள் வழியே அடைபடும். அதனால்தான் ஜூலை.

அப்புறம், வாடகை வண்டி ஒப்பந்தம். சரளைச் சாலையில் ஓட்டக்கூடாது என்ற வரியைக் கண்டுபிடித்தது அந்தத் தம்பிதான். அந்த நிறுவனத்தை விட்டுவிட்டு, அனுமதி தரும் வேறு நிறுவனத்தில் வண்டியைப் பதிவு செய்து கொடுத்தார். கூடுதல் டயர் இரண்டு கேட்டு வாங்கச் சொன்னார்.

ஒரே குறை, வாட்ஸ்அப்பில் பதில் வர இரண்டு நாளாகிறது. நேரில் போய்விடுங்கள்.