விரலுக்குத் தெரியாதது: கஃப் பிரஷர் மீட்டருடன் இரண்டு வருடம்

குழந்தைகள் ஐசியூவில் நர்ஸாக இருக்கிறேன். கையடக்கமான கஃப் பிரஷர் மீட்டர் எங்கள் யூனிட்டுக்கு வந்து இரண்டு வருடமாகிறது. வாங்கலாமா வேண்டாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

வென்டிலேட்டரில் இருக்கும் குழந்தையின் மூச்சுக்குழாய்க்குள் போகும் டியூபின் நுனிப்பக்கம் ஒரு சின்னக் காற்றுப்பை இருக்கும். அதுதான் கஃப். மயக்க மருந்தில் இருக்கும் குழந்தையால் எச்சிலையும் சளியையும் விழுங்க முடியாது. எல்லாம் கஃபுக்கு மேலே தேங்கி நிற்கும். கஃபில் காற்று குறைந்தால் அது ஓரமாகக் கசிந்து நுரையீரலுக்குள் இறங்கும், கிருமியும் கூடவே போகும். டியூப் போட்டு 48 மணி நேரத்துக்கு மேல் ஆனபின் வரும் நிமோனியாவுக்கு இது முக்கியமான வழி. சரி, நிறையக் காற்று அடைத்துவிடலாமே என்றால் அதுவும் ஆகாது. மூச்சுக்குழாயின் உள்சவ்வில் ரத்த ஓட்டம் தடைப்பட்டுப் புண்ணாகிவிடும். டியூபை எடுத்த பிறகு குழந்தை ஒவ்வொரு மூச்சையும் சத்தத்தோடு இழுக்கும்.

மீட்டர் வருவதற்கு முன்பு, கஃபோடு மெல்லிய குழாயால் இணைந்து வெளியே தொங்கும் பைலட் பலூன் என்ற குட்டி பலூனை விரலால் அமுக்கிப் பார்த்து 'சரியாக இருக்கிறது' என்று எழுதுவோம். நானும் பல வருடம் அப்படித்தான் எழுதினேன்.

நான்கு வயதுப் பெண் குழந்தை ஒருத்தி, வென்டிலேட்டரில் ஐந்தாம் நாள். ராத்திரி ஷிப்டில் சக்ஷன் போட்டு உறிஞ்ச உறிஞ்ச மஞ்சள் சளி கெட்டியாக வந்துகொண்டே இருந்தது. காய்ச்சல் ஏறியது. 40 சதவீதத்தில் கொடுத்துவந்த ஆக்ஸிஜனை விடிவதற்குள் 60 ஆக்க வேண்டியதாயிற்று. எக்ஸ்ரேயில் வலது கீழ்ப்பக்கம் புதிதாக வெள்ளைத் திட்டு. சளியைக் கல்ச்சருக்கு அனுப்பியதில் பிறகு கிளெப்சியெல்லா என்ற கிருமி வளர்ந்தது. அந்த ராத்திரி விடிந்த காலைதான் இந்த மீட்டரைச் சோதித்துப் பார்க்கக் கொண்டுவந்திருந்தார்கள். அவள் கஃபில் மாட்டினோம். முள் 8-இல் நின்றது, மிகவும் குறைவு. ராத்திரி பலூனை அமுக்கிவிட்டு 'சரி' என்று எழுதியது நான்தான். கசிவு ஒன்றுதான் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் அந்த எட்டு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. குழந்தை பிழைத்து வீட்டுக்குப் போனாள்.

இப்போது ஷிப்டுக்கு ஒருமுறையாவது அளக்கிறோம். குழந்தையைத் திருப்பிப் படுக்கவைத்தாலோ தலையை நகர்த்தினாலோ அழுத்தம் மாறிவிடும் என்பதால் அப்போதும் ஒருமுறை. மீட்டரில் இருக்கும் ரப்பர் பல்பை அமுக்கினால் அழுத்தம் ஏறும், பட்டனைத் தட்டினால் இறங்கும். கற்றுக்கொள்ள பத்து நிமிஷம் போதும்.

குறை இல்லாமல் இல்லை. எங்கள் மீட்டரின் டயலில் 'சரியான அளவு' என்று காட்டும் பச்சைப் பட்டை 30-ஐயும் தாண்டிப் போகிறது. அது பெரியவர்களை மனதில் வைத்துப் போட்டது. எங்கள் டாக்டர்கள் குழந்தைகளுக்கு 20 சென்டிமீட்டர் நீரழுத்தத்துக்கு (மீட்டர் காட்டும் அலகு அதுதான்) மேல் வேண்டாம் என்கிறார்கள், அதனால் 20-இல் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினோம். அடுத்தது, மாட்டும்போதே கொஞ்சம் காற்று மீட்டரின் குழாய்க்குள் போய்விடும். பெரியவர்களின் கஃபில் அது பெரிய விஷயமில்லை. குட்டிக் கஃபில் முள் சட்டென்று விழும். மாட்டியபடியே காற்றைச் சரிசெய்துவிட்டு, வெடுக்கென்று கழற்ற வேண்டும். இணைப்புக் குழாய் நீளமாக வாங்காதீர்கள். படுக்கைக்குப் படுக்கை ஒரே குழாயையும் கொண்டுபோகாதீர்கள். ஒரு குழந்தையின் கிருமியை அடுத்த குழந்தைக்கு நாமே எடுத்துப் போனதாகிவிடும். நாங்கள் குழந்தைக்கொரு குழாய் வைத்திருக்கிறோம், மீட்டரை ஒவ்வொரு முறையும் ஸ்பிரிட்டால் துடைக்கிறோம்.

இதை வாங்கிவிட்டால் நிமோனியா வராது என்று யாராவது விற்க வந்தால் நம்ப வேண்டாம். தலைமாட்டை 30 டிகிரி உயர்த்துவது, பல் தேய்த்துவிடுவது, வென்டிலேட்டர் குழாயில் தேங்கும் தண்ணீர் குழந்தை பக்கம் ஓடாமல் வடிப்பது, கை கழுவுவது, இன்றைக்கு டியூபை எடுத்துவிடலாமா என்று தினமும் காலையில் கேட்பது, எல்லாம் சேர்ந்தால்தான் பலன். ஆனால் அவற்றில் பலதைக் கண்ணால் பார்த்தே சரிபார்த்துவிடலாம். கஃப் அழுத்தம் மட்டும் கண்ணுக்கும் தெரியாது, விரலுக்கும் தெரியாது.

போன வாரம் புதிதாகச் சேர்ந்த பெண் பலூனை அமுக்கிப் பார்த்துவிட்டு, "சரியாத்தான் இருக்கு சிஸ்டர்" என்றாள். மீட்டரை அவள் கையிலேயே கொடுத்தேன். 44 காட்டியது. பட்டனை மெதுவாகத் தட்டித் தட்டி அவளே 20-க்குக் கொண்டுவந்தாள். அடுத்த படுக்கைக்கு நான் சொல்லாமலே புதுக் குழாயை எடுத்துக்கொண்டு போனாள்.