த்ரீ கலர்ஸ்: ப்ளூ – அந்தப் பொண்ணு ஏன் அழவே இல்ல?

"புருஷனும் குழந்தையும் ஒரே ஆக்சிடெண்ட்ல போயிட்டாங்க, இந்தம்மா கண்ல ஒரு சொட்டு தண்ணி இல்ல, எனக்கு ஒட்டவே இல்லப்பா." மயிலாப்பூர்ல ஒரு ஃப்ரெண்டு வீட்டு மாடில ப்ரொஜெக்டர் போட்டு கொஞ்ச பேர் சேர்ந்து கீஸ்லோவ்ஸ்கியோட 'த்ரீ கலர்ஸ்: ப்ளூ' பார்த்தோம், முடிஞ்சதும் வந்த முதல் பேச்சு இதுதான். ரெண்டு மூணு பேர் ஆமான்னு தலையாட்டவும் செஞ்சாங்க. எனக்கு ரொம்ப முக்கியமான படம் இது, அதனால அங்க மத்தவங்க சொன்னதையும் நான் நினைக்கிறதையும் சேர்த்தே எழுதுறேன். கதையை மறைக்கல, ட்விஸ்ட்ட நம்பி நிக்கிற படம் இல்ல இது.

1993ல வந்த ஃபிரெஞ்சுப் படம், டைரக்டர் போலந்துக்காரர். ஃபிரான்ஸ் கொடில இருக்கிற மூணு கலருக்கு மூணு படம் எடுத்தார், அதுல ப்ளூ சுதந்திரத்துக்கு. வெனிஸ் படவிழால முதல் பரிசான தங்கச் சிங்கம் வாங்குச்சு, ஜூலியட் பினோஷுக்கு சிறந்த நடிகை அவார்டும் அங்கயே கிடைச்சுது. அவங்கதான் ஜூலி. புருஷன் பேர் பெத்த மியூசிக் கம்போசர். கார் போயிட்டிருக்கு, அடியில பிரேக் ஆயில் சொட்டு சொட்டா ஒழுகுறத மட்டும் காட்டுறாங்க, அதுக்கப்புறம் மரத்துல மோதுற சத்தம். ஆஸ்பத்திரில மாத்திரையை வாய் நிறைய போட்டுக்கிட்டு முழுங்க முடியாம துப்பிடுறா. வெளிய வந்ததும் வீட்டை விக்க ஏற்பாடு பண்றா, புருஷன் பாதில விட்டுட்டுப் போன இசைக்குறிப்பை குப்பை வண்டில போடுறா, குழந்தைங்களே இல்லாத பில்டிங்கா வேணும்னு கேட்டு பாரிஸ்ல ஒரு ஃப்ளாட்டுக்குப் போயிடுறா. பழைய வீட்லேருந்து கொண்டு வந்தது நீலக் கண்ணாடி மணி தொங்குற ஒரு விளக்கு. யாரும் வேணாம், எதுவும் வேணாம், அப்ப இழக்கவும் ஒண்ணும் இருக்காது இல்லையா, அந்த சுதந்திரம்தான் அவளுக்கு வேணும்.

இப்ப அந்த அழுகை விஷயத்துக்கு வரேன். நம்ம ஊர்ல சாவு வீட்ல அழுறதுக்குன்னு ஒரு முறையே இருக்கு. உள்ள வரும்போதே குரல் எடுத்து அழுதுட்டு வர்ற அத்தை, கட்டிப்பிடிச்சு சுத்தி உக்காந்து ஒப்பாரி வைக்கிற பொம்பளைங்க, தெருவுல மேளம். அங்க எல்லாரும் பயப்படுறது யாரைப் பார்த்து? அழாம சுவத்தையே பார்த்துட்டு உக்காந்திருக்கிறவளத்தான். "வாய்விட்டு அழுதுடும்மா, உள்ள வெச்சுக்காத"ன்னு உலுக்குவாங்க. படத்துல ஜூலி வீட்டுக்கு வர்றா, உள்ள வேலைக்கார அம்மா தனியா நின்னு அழுதுட்டிருக்காங்க, ஏன் அழுறீங்கன்னு இவ கேக்குறா, நீங்க அழலயே அதான்னு அவங்க சொல்றாங்க. இந்த இடத்துல எங்ககூட இருந்த வயசான ஒரு மாமி "ஐயோ"ன்னு சத்தமாவே சொல்லிட்டாங்க, அவங்களுக்கு அதுக்கு மேல விளக்கமே தேவைப்படல. ஒட்டலன்னு சொன்னவங்களுக்கு நான் சொல்றது இதுதான், நம்ம வீட்டுப் பெரியவங்க எந்தப் பொண்ண நினைச்சு ராத்திரி தூங்காம இருப்பாங்களோ அந்தப் பொண்ணு கூடவே ஒன்றரை மணி நேரம் இருக்கிற படம் இது.

கண்ணீர் இல்லன்னா வலி இல்லன்னு அர்த்தமா என்ன? ஹேண்ட்பேக்ல பொண்ணோட நீல லாலிபாப் ஒண்ணு கிடைக்குது, அதை எடுத்து கடக் கடக்குன்னு கடிச்சு தின்னு தீர்த்துடுறா, பார்க்கிற நமக்கு பல்லு கூசுது. கருங்கல் சுவத்துல கைமுட்டியை வெச்சு தேய்ச்சுக்கிட்டே நடக்குறா, ரத்தம் வர்ற அளவுக்கு. காபிக் கடைல சர்க்கரைக் கட்டியோட நுனியை காபில தொட்டு பிடிச்சிருக்கா, காபி மேல ஏறி கட்டி முழுசும் பழுப்பாகுது. அந்த ஷாட்டுக்கு அஞ்சு செகண்ட்ல ஊறுற சர்க்கரைக் கட்டிதான் வேணும்னு அசிஸ்டெண்ட வெச்சு விதவிதமா ஊற வெச்சுப் பார்த்ததா கீஸ்லோவ்ஸ்கியே சொல்லியிருக்கார், அஞ்சு செகண்டுக்கு மேல போனா ஆடியன்ஸ் பொறுமை போயிடும்னு. அப்படி கணக்குப் பார்த்து எடுத்த ஆளைப் போயி "சும்மா இழுக்குறான்"னு சொன்னா எனக்கு நிஜமாவே கஷ்டமா இருக்கு.

இன்னொண்ணு, நடுவுல திடீர்னு ஸ்க்ரீன் முழுக்க இருட்டாகி இசை மட்டும் பெருசா கேக்கும். முதல் தடவை வந்தப்ப கரண்ட் போச்சான்னு ஒருத்தர் எந்திரிச்சே போயிட்டார். வழக்கமா படம் இருட்டாகி திரும்ப வந்தா கொஞ்ச நாள் ஓடிப்போச்சுன்னு அர்த்தம், இதுல பார்த்தா அதே ஆள், அதே இடம், அதே பேச்சு, கேட்ட கேள்விக்கு இன்னும் பதில்கூட சொல்லல. வெளிய நேரமே நகரல, உள்ள மட்டும் ஒரு பெரிய அலை அடிச்சுட்டுப் போயிருக்கு. யாரையாவது இழந்தவங்களுக்கு இது தெரியும், ஆபீஸ்ல, பஸ் ஸ்டாப்ல, காய்கறி வாங்குறப்ப பட்டுன்னு வரும், அடுத்த நொடி மீதிச் சில்லறை வாங்கிட்டு நிப்போம். அந்த இசை ப்ரெய்ஸ்னரோடது, அவர் இல்லன்னா இந்தப் படமே இல்ல.

என்னை ரொம்ப உலுக்கினது சாவுச் சடங்கு சீன். ஜூலி ஆஸ்பத்திரில படுத்திருக்கா, போக முடியாது, ஒரு குட்டி டிவில பார்க்குறா. பெரிய பெட்டி பக்கத்துல சின்னப் பெட்டி. விரலை நீட்டி ஸ்க்ரீன்ல அந்தச் சின்னப் பெட்டியைத் தொடுறா. 1993ல இதை எழுதினவங்களுக்கு 2020, 2021 தெரிஞ்சிருக்க வாய்ப்பே இல்ல. ஆனா அந்த ரூம்ல ஒரு அண்ணன், தன் அப்பாவைக் கொண்டு போனதை வாட்ஸ்அப் வீடியோ கால்லதான் பார்த்தேன், நடுவுல நெட் கட்டாயிடுச்சுன்னு சொன்னார். அதுக்கப்புறம் கொஞ்ச நேரம் யாரும் படத்தைப் பத்திப் பேசல.

எதிர்ப்பா வந்ததுலயும் ஒரு பேச்சு என்னை விடவே இல்ல. ஒரு தங்கச்சி கேட்டா, "வீட்டை விக்கச் சொல்லிட்டு யார்கிட்டயும் சொல்லாம போயி தனியா துக்கப்பட இவளால முடியுது, வியாசர்பாடில புருஷன் செத்தா பதினாறாம் நாள் காரியம் முடிஞ்ச கையோட வேலைக்குப் போகணும், இவளுக்கு துக்கமே ஒரு வசதியா இருக்கு"ன்னு. நியாயமான கேள்விதான். அம்மாவோட முதியோர் இல்லச் செலவு, வேலைக்காரங்க பணம் எல்லாத்துக்கும் ஜூலி வழி பண்ணிட்டுப் போறா, அது படத்துல இருக்கு, ஆனா அந்தக் கேள்விக்கு அது முழுப் பதில் இல்லன்னுதான் எனக்கும் தோணுது. எலி குட்டி போட்டதும் பக்கத்து வீட்டுப் பூனையைக் கடன் வாங்குற சீன் எதுக்குன்னும் கேட்டாங்க. தாயும் குட்டியுமா ஒண்ண அவளால பார்க்கவும் முடியல, தானே கொல்லவும் முடியல, வேற எதுக்கு?

புருஷனுக்கு இன்னொருத்தி இருந்தாங்கிறது செத்த பிறகுதான் தெரியுது, அவ கர்ப்பமாவும் இருக்கா. இன்னும் விக்காம இருந்த அந்தப் பழைய வீட்டை ஜூலி அவளுக்கே குடுத்துடுறா. இங்க ரூம் ரெண்டா பிரிஞ்சுது, இது ஆம்பளை எழுதின பெருந்தன்மைன்னு ஒரு பக்கம், இல்ல இப்பதான் அவளுக்கு நிஜமாவே விடுதலைன்னு இன்னொரு பக்கம். நான் முதல் கட்சி பக்கம் கொஞ்சம் சாயுறேன், ஒரு தடவையாவது அவளுக்கு கோவம் வெடிச்சிருக்கலாம், படம் ரொம்ப சீக்கிரம் அவளை உயரத்துல தூக்கி வெச்சுடுது.

கடைசில குப்பைல போட்ட அந்த இசையை அவளே உக்காந்து முடிக்கிறா. கோரஸ் கிரேக்கத்துல பாடுது, அது 1 கொரிந்தியர் 13. எங்க கூட்டத்துல சர்ச்சுக்குப் போற ஒருத்தங்க சப்டைட்டிலைப் பார்த்ததுமே கண்டுபிடிச்சுட்டாங்க, கல்யாணத்துல வாசிக்கிற "அன்பு நீடிய சாந்தமும் தயவுமுள்ளது" இதுதானேன்னு. அது ஓட ஓட இவ விலகிப் போன, இவ வாழ்க்கைல வந்துட்டுப் போன ஒவ்வொரு ஆளா வர்றாங்க, கடைசியா ஜூலி முகம், அங்கதான் கண்ணீர். இந்த முடிவு ரொம்ப கோவில் மாதிரி ஆயிடுச்சுன்னு சிலருக்குப் பிடிக்கல, எனக்கு ஒவ்வொரு தடவையும் தொண்டை அடைக்குது.

பார்க்கிறதா இருந்தா போன் ஸ்பீக்கர்ல தயவுசெஞ்சு பார்க்காதீங்க, நல்ல ஹெட்போனாவது போடுங்க, பாதிப் படம் காதுலதான் நடக்குது. இப்பதான் யாரையாவது பறிகொடுத்தவங்கன்னா கொஞ்ச நாள் போகட்டும், முக்கியமா ஆரம்பத்துல அந்த மாத்திரை சீன் இருக்குங்கிறத தெரிஞ்சுக்கிட்டு உக்காருங்க. ஒயிட்டும் ரெட்டும் 1994ல வந்துச்சு, தனித்தனி கதைதான், ஆனா ரெட்டோட முடிவுல ஜூலி திரும்ப வர்றா, அதனால ரெட்டை கடைசிக்கு வெச்சுக்கோங்க.