வாந்தி மருந்தின் பக்கவிளைவை வலிப்பு என்று சொல்லி 42,000 ரூபாய் வாங்கிவிட்டார்கள்: பெற்றோர் கவனத்திற்கு

என் மகளுக்கு நான்கு வயது, எடை 14 கிலோ. வாந்தி நிற்கவில்லை என்றதும், பல வருடங்களாக நாங்கள் மருந்து வாங்கும் கடைக்காரர், மருத்துவர் சீட்டு இல்லாமலேயே மெட்டோகுளோப்ரமைடு சிரப்பை எடுத்து, மூடியில் 5 மில்லி அளவுக்கோட்டைப் பேனாவால் அழுத்திக் குறித்து, "மூணு வேளை கொடுங்கம்மா, நம்ம பிள்ளைக்குத் தப்பா கொடுப்பேனா?" என்றார். அந்த வார்த்தையைத்தான் நம்பினோம். ஐந்து மில்லியில் 5 மில்லிகிராம் இருக்கும் அந்த மருந்தை அவளுடைய எடைக்கு ஒரு நாளில் 7 மில்லிகிராமுக்கு மேல் கொடுக்கக்கூடாது; அவர் குறித்துக் கொடுத்ததோ 15.

மறுநாள் மாலை அவளுடைய கண்கள் மேலே செருகின, கழுத்து ஒரு பக்கமாகத் திருகியது, நாக்கு வெளியே தள்ளியது. ஆனால் நினைவு தப்பவில்லை. "அம்மா, கழுத்து வலிக்குது" என்று குழறியபடி அழுதாள். ஓடிப்போன தனியார் மருத்துவமனையில் வலிப்பு, மூளைக்காய்ச்சலாகவும் இருக்கலாம் என்று சொல்லி, எம்.ஆர்.ஐ., இ.இ.ஜி., தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கை என்று 42,000 ரூபாய் வாங்கினார்கள். மருந்துப் பாட்டிலை நீட்டியபோது கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "வாந்தி மருந்து இப்படியெல்லாம் செய்யாது" என்றார்கள்.

திருகல் விட்டு விட்டு வந்துகொண்டே இருந்ததால் அரசு மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றோம். பணியில் இருந்த மருத்துவர் முதலில் கேட்டதே "என்ன மருந்து கொடுத்தீர்கள்?" என்பதுதான். புரோமெதசின் ஊசி போட்டார். அரை மணி நேரத்துக்குள் கழுத்து நேராகிவிட்டது. தசைகளை இப்படி முறுக்கும் மெட்டோகுளோப்ரமைடின் இந்தப் பக்கவிளைவு குழந்தைகளிடம் அதிகம் என்பதால், ஐரோப்பிய மருந்து முகமை 2013-லேயே ஒரு வயதுக்குட்பட்டோருக்கு அம்மருந்தைத் தடை செய்து, பெரிய பிள்ளைகளுக்கும் வெகுவாகக் கட்டுப்படுத்தியிருக்கிறது.

தனியார் மருத்துவமனையில் பணத்தைத் திரும்பக் கேட்டபோது, "சந்தேகத்துக்குப் பார்த்தோம், பில் போட்டதை மாற்ற முடியாது" என்று ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு அலைக்கழித்தார்கள். கடைக்காரர், "என்கிட்ட வாங்கியதற்கு ரசீது இருக்கா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். நகையை அடகு வைத்துக் கட்டிய 42,000 ரூபாய் போனது போனதுதான்.

சீட்டு இல்லாமல் கடைக்காரர் தரும் வாந்தி மருந்தைக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். எதை வாங்கினாலும் ரசீது கேளுங்கள். கழுத்தோ கண்ணோ திருகினால், கொடுத்த மருந்துகள் அத்தனையையும் கையோடு எடுத்துச் சென்று, ஸ்கேனுக்குச் சம்மதிக்கும் முன் மருத்துவரை அவற்றின் பெயர்களைப் படிக்க வையுங்கள்.