கிண்டர் ஸ்கவுட் வரைபடம்: வாங்கலாமா?

சிங்கப்பூரின் பிராஸ் பசா வட்டாரத்துப் புத்தகக் கடை ஒன்றில், இங்கிலாந்தின் பீக் டிஸ்ட்ரிக்ட் மலைப்பகுதிக்கான 1:25,000 அளவு வரைபடத்தை வாங்கினேன். அதில் 4 சென்டிமீட்டர் என்பது தரையில் 1 கிலோமீட்டர். 164 மீட்டர் புக்கிட் தீமாவையே மலையென்று ஏறிப் பழகிய நமக்கு, அதிலுள்ள 636 மீட்டர் கிண்டர் ஸ்கவுட் மலையின் வடிவம் வியப்பளிக்கும். அதற்குக் கூரிய சிகரமே இல்லை: விளிம்பில் நெருங்கி ஓடும் சமஉயரக் கோடுகள் மணற்பாறைச் செங்குத்துகளைக் காட்ட, உச்சியில் அவை சட்டென விலகி, ஓடைகள் அரித்த பீட் எனப்படும் கரிய சதுப்பு மண் மேட்டுநிலத்தைக் கண்முன் விரிக்கின்றன. மேற்கு விளிம்பில் கிண்டர் ஆறு ஏறத்தாழ 30 மீட்டர் விழும் இடத்தை விரல் வைத்தே காட்டலாம். நடக்கும் உரிமை கோரி 1932இல் மக்கள் தடையை மீறி ஏறியதும் இம்மலைமீதுதான். தாள்தான் மெலிது, நம் ஊர் ஈரக்காற்றில் இரண்டே மாதத்தில் மடிப்புகள் கிழியத் தொடங்கின. ஒளிபுகும் உறையொன்றையும் சேர்த்தே வாங்குங்கள்.